மாப்பிள்ளைப் பெட்டிக்குள் வைத்த சென்ட்

மலிவான ஆண்கள் சென்ட்டை அடித்தவுடன் முதலில் மூக்கில் ஏறுவது ஸ்பிரிட்டின் காரம். ஊசி போடுமுன் கையில் தேய்ப்பார்களே, அந்தப் பஞ்சின் அதே காரம். அது ஆறியதும் தோடம்பழத் தோலைக் கிள்ளினாற்போல ஒரு வாசம் எழும்பும். கடைக்காரர் "எப்பிடி?" என்று கேட்பதும், நாம் "நல்லாயிருக்கு" என்று தலையாட்டி ஏமாறுவதும் அந்த நேரத்தில்தான். அந்தச் சென்ட்டின் உண்மையான குணம் வியர்வையில் ஊறி, வெயிலில் காய்ந்து, பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வெளியே வரும். இதைப் பதினொரு வயதில் நானாகவே கண்டுபிடித்தேன் என்பதை இப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மருதமுனையில் எங்கள் வாப்பா கைத்தறியில் ஆண்கள் உடுத்தும் சாரம் நெய்துகொண்டிருந்த காலம் அது. காலையில் அவர் தறியில் உட்காருமுன் சட்டைக் கொலரின் ஒரு பக்கம் ஒரு சென்ட்டும் மறுபக்கம் இன்னொன்றும் அடித்துவிடுவேன். நாள் முழுக்கத் தறியடித்து வியர்த்து அவர் எழும்பியதும் ஓடிப்போய் இரண்டு பக்கமும் மணந்து பார்ப்பேன். "என்ட கழுத்த வெச்சித்தான் இவள் கட நடத்துறாள்" என்று வாப்பா சலித்துக்கொண்டாலும், மறுநாள் காலையில் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் வருவார். இப்படித் தெருவில் எனக்கு "மூக்குக்காரி" என்று பெயர் விழுந்தது. பெருநாள் நெருங்கினால் அக்கம்பக்கத்து அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், கல்முனை பஸாரில் வாங்கிய போத்தல்களோடு எங்கள் வேலியடியில் வந்து நிற்பார்கள். நான் ஒருபோதும் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. "பின்னேரம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, பின்னேரம் வந்தவர்களிடம் "இது உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம்", "இது பஸ்ஸுக்குள்ள தொங்குற சாமான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

அந்த மூக்குக்கு உண்மையான வேலை வந்தது எனக்கு மூத்தவளான ராத்தாவின் கலியாணத்தில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதற்கு முன் பெண் வீட்டார் அவருக்கு ஒரு பெட்டி அனுப்ப வேண்டும். சாரம், சேட், சப்பாத்து, மணிக்கூடு, கடைசியாக ஒரு சென்ட். பெட்டிக்குள் என்ன போகிறது என்பது பெரியவர்களின் தீர்மானம். மணப்பெண் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னால் போதும், "வெக்கம் கெட்டவள்" என்ற பேச்சு அடுத்த தெரு வரைக்கும் போய்விடும்.

கட்டாரில் வேலை செய்த எங்கள் மாமா, உம்மாவின் ஒரே தம்பி, கலியாணத்துக்கென்று லீவில் வந்தபோது பொன்மூடி போட்ட உயரமான ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். விலை மலிவு என்பதை அவரும் மறைக்கவில்லை. "வெல குறவு, ஆனா ராசாட வாசம்" என்றார். போத்தல் கைமாறிக் கைமாறி வீடு முழுக்கச் சுற்றியது. மணந்தவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். ராத்தா மட்டும் என்னைக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தலையிடி என்றால் சும்மா தலையிடி அல்ல, ஜன்னலை அடைத்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சத்தியெடுத்துக்கொண்டு கிடப்பாள்.

"அந்த வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளல்ல புள்ள, இப்பவே தலையிடிக்குது" என்றாள் காதுக்குள். "நான் வாயத் தொறக்க ஏலா. மௌத்தாகி மண்ணுக்குள்ள போகுமட்டும் மணக்கப்போறது நான்தானே. நீ எப்பிடியாவது மாத்து."

நான் வழக்கப்படி வாப்பாவின் கொலரில் ஆரம்பித்தேன். காலையில் ராசாவாக இருந்தது பகல் சாப்பாட்டுக்குள் மாறத் தொடங்கியது. அஸருக்குக் கொலரை மணந்தபோது எனக்கே திக்கென்றது. கற்பூரமும் சந்தனமும் கலந்த வாசம். மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி வைத்திருக்கும் வீட்டுக்குள் நுழைந்தவுடன் வருமே, அதே வாசம். ராத்தாவின் பெயரை இழுக்காமல் சொல்ல எனக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், மாமாவும் மாமியும் சொந்தக்காரர்களும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் உரக்கச் சொன்னேன்.

"இது மையத்து வீட்டு வாசம்!"

கலியாண வீட்டில் சொல்லக்கூடிய சொல்லா அது! உம்மா கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்கு நீலமாக இருந்தது. மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "மொளச்சி மூணு இல விடல்ல, இவள் எனக்குச் சென்ட் படிப்பிக்கிறாள்" என்று கோப்பையை வைத்தார். "நாளைக்கு ஜும்ஆவுக்கு இதத்தான் அடிச்சிட்டுப் போறன். ஒரு மனிசன் குற சொல்லட்டும், பொறகு பாப்பம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையிலேயே குளித்து, வெள்ளைச் சேட்டின் கழுத்திலும் கையிலும் தாராளமாக அடித்துக்கொண்டு, வெயிலில் பஸார் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் மாமா பள்ளிக்குப் போனார். பக்கத்தில் நின்று தொழுத வாப்பாதான் நடந்ததை வந்து சொன்னார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்க வந்த அடுத்த தெரு ஹாஜியார் மாமாவின் கையைப் பிடித்தபடியே முகத்தை வாடவைத்துக்கொண்டு, "ஆர்ர மையத்து தம்பி? எத்தின மணிக்கி அடக்கம்?" என்று கேட்டாராம். மாமா பதில் சொல்லுமுன் பின்வரிசையிலிருந்து இன்னொருவர் எட்டிப்பார்த்து, "ஓம், நானும் கேக்கத்தான் நினைச்சன்" என்றாராம்.

வாப்பா சொல்லிச் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர். சோற்றைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, "அவள் சொல்லுற சாமானையே வைங்க" என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவரை அன்று எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

அடுத்த நாளே உம்மா என்னைக் கல்முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடைபாதை மேசையில் இருந்த அத்தனை போத்தலையும், வாப்பா நெய்து மிஞ்சிய துண்டுத் துணிகளில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். கடைக்காரர் கும்பிடாத குறை. தட்டையான நீலப் போத்தல் ஒன்று, மூடி சரியாகப் பூட்டுப்படாது, மேசையிலேயே ஆக மலிவானது அதுதான். ஆனால் வெயிலில் நின்று வந்த பிறகும் அது குளித்துவிட்டு வெளியே வந்த ஆளைப்போலவே மணத்தது. துண்டை ராத்தாவிடம் கொடுத்தேன். அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கிக் காலையில் எழும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டில் வேறு எவருக்கும் அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

நீலப் போத்தல் பெட்டிக்குள் போனது. மச்சானுக்கு அது பிடித்து, முடிய முடிய அதையே வாங்கினார். பல வருஷம் எங்கள் வீட்டின் வாசமே அதுதான். அந்த வாசத்தால் ராத்தாவுக்கு ஒருநாளும் தலையிடி வரவில்லை.

அந்தப் போத்தல் கல்முனைக்கு வராமல் போய்க் கனகாலமாகிவிட்டது. வாப்பாவின் தறியும் இப்போது இல்லை. சென்ற மாதம் ராத்தாவின் மகளுக்குக் கலியாணப் பெட்டி அடுக்கினார்கள். என் மூக்குக்கு வேலை வந்துவிட்டது என்று நானும் மிடுக்காகத்தான் போனேன். கலியாணப் பெண் நடுவீட்டில், அத்தனை பெரியவர்களுக்கு முன்னால், ஒரு கறுப்புப் போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

"சாச்சி, சென்ட் எடுத்தாச்சி. நானும் அவரும் போன்ல கதைச்சித்தான் எடுத்த."

எவரும் முகம் சுளிக்கவில்லை. பழக்கத்தை விட முடியாமல் என் முந்தானையில் கொஞ்சம் அடித்துக்கொண்டு அஸர் வரைக்கும் காத்திருந்தேன். சந்தேகமே இல்லை, பஸ்ஸுக்குள் தொங்குகிற சாமான்தான். "எப்பிடி சாச்சி?" என்று அவள் வந்து நின்றாள். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் சேட்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தலையிடிக்குதா புள்ள?" என்று கேட்டேன்.

"இல்ல சாச்சி. எனக்கு நல்ல விருப்பம்."

"அப்ப இது நல்ல சென்ட்டுதான்" என்றேன். என் வாழ்க்கையில் சென்ட் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. ராத்தா குசினிக்குப் பின்னால் என் காதுக்குள் சொல்ல வேண்டியிருந்த விருப்பு வெறுப்பை, அவளுடைய மகள் இன்று எல்லாருக்கும் முன்னால் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். இனி எங்கள் வீட்டில் இப்படியொரு வேலைக்கு எவருடைய மூக்கும் தேவைப்படாது. போத்தலை அவளே பெட்டிக்குள் வைத்து மூடினாள்.