கிருபையின் தொண்டைக்கட்டு

வெள்ளைக்கல்லுத் தேயிலைத் தோட்டத்தில் கிருபையின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. வரிசை வீடுகளான லயத்தின் ஒரு கோடியில் நின்று அவள் தன் பிள்ளையைக் கூப்பிட்டால், மறுகோடியில் விளையாடுகிற பிள்ளைகள் அத்தனையும் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஓடி வரும். அவள் புருஷன் இஸ்ரவேல் இதற்கு நேர்மாறு. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற வேலை அவனுக்கு. பேசுவதென்றால் அவனுக்குப் பெரிய வேலை. "ஆண்டவரு எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தொண்டையக் குடுத்துட்டாரு" என்று ஒருநாள் சொன்னான். அதைச் சொன்ன களைப்பில் அப்புறம் சாயந்திரம் வரை அவன் வாய் திறக்கவில்லை.

கிருபை பிறந்தது டயகமையில். ஐம்பதாம் ஆண்டு கல்யாணமாகி பொகவந்தலாவைப் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்தாள். அப்போது அந்த லயத்தில் வேதக்காரக் குடும்பம் என்று சொல்ல இவர்களும் இன்னொரு வீடும்தான். மற்றவர்கள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள், முருகனுக்குக் காவடி எடுக்கிறவர்கள். கிருபைக்கு அது ஒரு சங்கடமாகவே தெரியவில்லை. மலையில் ரொட்டியைப் பிரித்ததும் அவள் கண்ணை மூடி ஜெபம் செய்வாள். முதலில் மற்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, அவள் கண்ணைத் திறக்கும் முன் கடிப்பது மரியாதையில்லை என்று ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்கும் பிறகு, சும்மா காத்திருப்பானேன் என்று மீனம்மா தன் பங்குக்கு முருகனை நினைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். இதில் எந்தச் சாமிக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ரொட்டிதான் கொஞ்சம் ஆறிப்போகும்.

அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் பேர் பதிகிற பெரட்டு முடிந்து பெண்கள் கூடையோடு மலையேறி, தங்களுக்குப் பிரித்துவிட்ட செடி வரிசையான நிரையின் அடியில் வரிசையாக நிற்பார்கள். வீரய்யா கங்காணி அங்கேயிருக்கிற ஒரு கல்லுக்குக் கற்பூரம் காட்டுவார். ஆனாலும் யாரும் செடியில் கை வைக்க மாட்டார்கள். கைராசியுள்ள ஒருத்தி முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளித் தன் கூடையில் போட்டு, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி!" சத்தம் கொடுக்க வேண்டும். மற்றவர்களும் "பொலி!" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். கிருபை புதுப்பெண்ணாக மலையேறிய அன்றைக்கு, வழக்கமாகப் பொலி சொல்கிறவள் வரவில்லை. "இந்த டயகமக்காரி கத்தட்டும், என்னா சத்தம்னு பாப்போம்" என்று அவளை முன்னே தள்ளிவிட்டார்கள். அவள் கொடுத்த சத்தத்தில் எதிர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்குக் கொழுந்தும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அவ்வளவுதான், அன்றிலிருந்து பொலி சொல்வது கிருபையின் வேலையாகிவிட்டது.

அவளுக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. காலைக் குளிரில், விரல் மரத்துப்போய் நிற்கிற அத்தனை பேருக்கும் நல்லது நடக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் எழுந்திருப்பாள்.

இப்படிச் சில வருஷம் போயிருக்கும்போது ஹட்டனிலிருந்து புது உபதேசியார் வந்தார். பெயர் ஏசடியான். கல்யாணமாகாத இளைஞர். வெயிலானாலும் மழையானாலும் குடையைக் கையில் மடக்கி வைத்துக்கொண்டு லயம் லயமாக நடப்பார். நோயாளி வீட்டுக்குப் போனால் ஜெபத்தோடு நிற்காமல் விறகும் பிளந்து கொடுத்துவிட்டு வருவார். நல்ல மனுஷன். ஒரே குறை, எந்த விஷயத்தையும் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் அவர் மலைப்பாதையில் வரும்போது கங்காணி கற்பூரம் காட்டுவதையும், அந்தப் புகை அடங்கும் முன்பே கிருபை பொலி கொடுப்பதையும் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"கிருபையம்மா, கல்லுக்குப் பூசை வச்ச கையோட நீங்க கூவுறீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? விசுவாசி அதுல பங்கெடுக்கலாமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க."

அதட்டிச் சொல்லியிருந்தால் கிருபை பதில் பேசியிருப்பாள். அவர் மெதுவாக, வருத்தத்தோடு சொன்னார். அது அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. இனிமேல் சொல்வதில்லை என்று வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது சுலபம். திங்கட்கிழமை காலை நிரையின் அடியில் நின்றபோதுதான் கஷ்டம் தெரிந்தது. கற்பூரம் அணைந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் செடியைப் பார்த்தாள்.

"என்னாத்தா கிருப, தொண்ட கட்டிக்கிச்சா?" என்றார் வீரய்யா கங்காணி.

இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்ல முடியவில்லை. கிருபை தொண்டையைத் தொட்டுக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். ஒரு பாவத்திலிருந்து தப்பிக்கப் போய் இன்னொன்றில் விழுந்தது அவளுக்கு உடனே உறைத்தது. ஆனால் ஆட்டிய தலையை எப்படித் திரும்ப வாங்குவது? அன்றைக்கு மீனம்மா பொலி சொன்னாள். அது அடுத்த நிரைக்கே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கிருபைக்குத் தொண்டை கட்டிவிட்டது என்ற செய்தி கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து லயத்துக்குப் போய், பஜாருக்கும் போய்விட்டது. சாயந்திரம் ஆளாளுக்கு ஒரு மருந்தோடு வந்து நின்றார்கள். மீனம்மா கொத்தமல்லிக் கசாயம் கொண்டுவந்தாள். கங்காணி வீட்டிலிருந்து இஞ்சிச்சாறு வந்தது. பஜாரில் கடை வைத்திருக்கிற பக்கீர் நானா, "அந்தப் புள்ளட சத்தம் இல்லாம காலையில கடை தொறக்கவே மனசு வருதில்ல" என்று அதிமதுரம் கொடுத்தனுப்பினார். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற நாகலெட்சுமி, தன் கைக்குழந்தைக்கு என்று வைத்திருந்த தேனில் பாதியை ஊற்றிக் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். ஒன்றையும் வேண்டாமென்று சொல்ல முடியுமா? பேசத்தான் முடியாதே! கிருபை எல்லாவற்றையும் குடித்தாள். இஸ்ரவேல் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். அவனுக்கு விஷயம் தெரியும். சிரிப்பை அடக்க அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதைவிட மோசம். கீர்த்தனை பாடினால் லயத்துக்குக் கேட்கும். கேட்டால் குட்டு உடையும். அதனால் கிருபை வாயை மட்டும் அசைத்தாள். ஆண்டவருக்கு முன்னால் நின்று பாடுகிற மாதிரி நடிப்பதைப்போலக் கேவலம் வேறில்லை என்று அவளுக்கு அழுகை வந்தது. ஏசடியான் உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு, மனம் திரும்பிய கண்ணீர் என்று எண்ணி மிகவும் சந்தோஷப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை, மலையூற்று வந்து விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது நாகலெட்சுமி சொன்னாள்: "அக்கா, திங்கக்கெழம நான் வேலைக்கு வரேன். பூரணியப் பிள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட விடப் போறேன்."

கிருபைக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. நாகலெட்சுமிக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளை பிறந்து தங்கவில்லை. மூன்றாவதுதான் பூரணி. பிரசவத்தன்று பயத்தில் அவள் பிடித்த பிடியில் கிருபையின் கை வீங்கிப்போனது. பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிற பெண்ணுக்காக முதல் பிடிக் கொழுந்தை அவள் கூடையிலேயே போட்டுப் பொலி சொல்வதும் அந்த மலையின் வழக்கம். முதல் இரண்டு தடவையும் நாகலெட்சுமி அப்படி வரவில்லை. யாரும் பார்க்காதபடி கடைசி நிரையில் போய் நின்றுகொண்டாள். அவளுக்காக ஒருதரம்கூட யாரும் பொலி சொன்னதில்லை.

"நீங்கதான் சொல்லணும்க்கா. தொண்ட கரகரன்னு இருந்தாலும் பரவாயில்ல, மெதுவாச் சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் எனக்கு மனசு ஒப்பாது."

கிருபை தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. உபதேசியார் முகமும் நாகலெட்சுமி முகமும் மாறி மாறி வந்தன. ஒருவருக்கு உண்மையாக இருந்தால் மற்றவருக்குத் துரோகம் செய்வதாகப் பட்டது. இவளை இப்போது கைவிட்டுவிட்டு, நாளைக்கு எந்த வாயால் ஜெபம் செய்வது?

திங்கட்கிழமை நல்ல பனி. நாகலெட்சுமி புதுக் கயிறு கட்டிய கூடையோடு கிருபைக்குப் பக்கத்து நிரையில் வந்து நின்றாள். கங்காணி கற்பூரத்தை அணைத்துவிட்டு ஒதுங்கினார். நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தன்னை நம்பிக் காத்திருந்ததைப் பார்த்ததும் கிருபையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நாகு, எனக்குத் தொண்ட கட்டல" என்றாள், தன் முழுக்குரலில். "நான் பொய் சொல்லிட்டேன்."

மலை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் சொன்னது, தனக்கு வந்த குழப்பம், தலையாட்டியது எல்லாவற்றையும் கிருபை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். முதலில் பேசியது நாகலெட்சுமிதான்.

"அடிப்பாவி அக்கா! எம்புள்ள தேனையில்ல குடிச்சிப்புட்டீங்க!"

"என் கசாயம்?" என்றாள் மீனம்மா. அதற்குள் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடை ஆட ஆடச் சிரித்தார்கள். கிருபைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாகலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க மனசுக்கு ஆகாதத நான் கேக்க மாட்டேன்க்கா. நீங்க ஒங்க சாமிகிட்டச் சொல்லுங்க. எனக்கு அது போதும். ஆனா மனசுக்குள்ள சொல்லாதீங்க. எங்காதுல விழணும்."

கிருபை ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளி நாகலெட்சுமியின் கூடையில் போட்டாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இது நாகலெட்சுமி. ரெண்டு தடவ வெறும் மடியோட வந்தவ. இன்னைக்குப் புள்ளைய விட்டுட்டு வந்திருக்கா. இவ கொழுந்துக்கூட நெறையட்டும். பூரணி வயிறு நெறையட்டும். அந்தப் புள்ள வளந்து, இவளுக்கு எதிர்த்து எதிர்த்துப் பேசட்டும்." அவ்வளவில் நிறுத்த நினைத்தாள், வாய் நிற்கவில்லை. "மீனம்மாக்கா முட்டிவலி தீரட்டும். கங்காணியாரு மருமகன் குடிய விடட்டும். கொழுந்து நிறுக்கிற கண்டாக்கையாவுக்கு நல்ல புத்தி வரட்டும். இந்த மலையில நிக்கிற ஒருத்தரும் இன்னைக்கு அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போவக் கூடாது, ஆண்டவரே."

ஆமென் என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், மலையே அதிரும்படி எல்லோரும் சேர்ந்து, "பொலி!" என்றார்கள்.

கிருபை கண்ணைத் திறந்தாள். நாகலெட்சுமியின் கன்னமெல்லாம் ஈரம். மருமகன் பேச்சு வந்ததில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கங்காணியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் கிளம்பி வந்தது. உபதேசியாரையும் நினைக்கவில்லை, கல்லையும் நினைக்கவில்லை. "பொலியோ பொலி!" என்று அவளும் சத்தம் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை. வாசலிலேயே உபதேசியாரைப் பிடித்துக்கொண்டாள்.

"தோத்திரங்க ஐயா. நான் மலையில சத்தமா ஜெபம் பண்ணினேன். ஆமென் சொல்ற எடத்துல அவங்க பொலின்னாங்க. நானும் சேந்து சொல்லிட்டேன். தெனமும் இனி இப்பிடித்தான் செய்யப் போறேன். தப்புன்னா ஐயா என்னைத் திட்டிக்கலாம். ஆனா பொய் சொல்லிக்கிட்டு வாய மூடி நிக்க என்னால முடியாதுங்க."

ஏசடியான் உபதேசியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவருடைய புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். பாயில் இடமும் மிச்சமிருக்கும்.

"எத்தனை பேர் இருந்தாங்க?" என்றார்.

"மலை முழுக்க, ஐயா."

"ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லியா ஜெபிச்சீங்க?"

"ஞாபகம் வந்தவங்களை எல்லாம் சொன்னேங்க."

அவர் குடையை மறுபடியும் கை மாற்றினார். பிறகு தயங்கித் தயங்கி, "என் பேரைச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

கிருபைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, மறந்துட்டேங்க ஐயா."

"அடுத்த தடவை மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு உபதேசியார் உள்ளே போனார்.

கிருபை மறக்கவில்லை. மறுநாள் காலை, தன் கையால் சமைத்துச் சாப்பிட்டு மெலிந்துகொண்டே போகிற ஏசடியான் உபதேசியாருக்கு வாய்க்கு ருசியாகச் சமைக்கத் தெரிந்த நல்ல பெண் ஒருத்தி சீக்கிரம் மனைவியாக வர வேண்டுமென்று அவள் முழுக்குரலில் வேண்டிக்கொண்டாள். அன்றைக்குப் போல அந்த மலை என்றைக்குமே பொலி சொன்னதில்லை.