டோலிப் பாட்டின் கடைசிச் சரணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வருஷமாக ராக் மேடைகளில் கத்திய தொண்டை, அறுபதைத் தாண்டியும் அடங்கவில்லை. கொடைக்கானலில் குடியிருந்துகொண்டு, இந்த மலைச்சனங்களின் கதைகளைப் பாட்டாக்கி ஓர் ஆல்பம் செய்தேன். அதில் ஏழாவது, டோலிப் பாட்டு. அடுக்கம் கிராமத்துக்குக் கீழே சாலையில்லாத ஒரு சிற்றூர். பிரசவ வலி கண்டவளைப் போர்வையில் கிடத்தி, கம்பில் கட்டி, நாலு பேர் தூக்கி வருகிறார்கள். ஒற்றையடிப் பாதையிலேயே தாயும் பிள்ளையும் செத்துப்போகிறார்கள். சாலை போடாதவர்களைக் கடைசிச் சரணத்தில் வெளுத்து வாங்கியிருந்தேன். நானே பாடி, நானே கேட்டு, நானே அழுதேன், வெட்கங்கெட்டவன்.

பேப்பரில் நாலு வரி படித்து எழுதிய பாட்டு. வெளியிடுமுன் செத்துப்போனவளின் புருஷனிடம் சம்மதம் கேட்க வேண்டாமா? போனேன். காப்பித் தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார். பாறையில் உட்காரவைத்து, போனில் பாட்டைப் போட்டேன். தலையைக் குனிந்துகொண்டு முழுக்கக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குங்க. ஆனா பாதையில சாகலைங்க. மத்தியானமே கெளம்பி, வெரசா ரோட்டுக்குக் கொண்டாந்துட்டோம். ஜீப்புல ஏத்தும்போதுகூடத் தண்ணி கேட்டா, குடுத்தேன்."

"அப்புறம் எங்கேங்க?"

"டவுனுக்குள்ள நொழையிற எடத்துலங்க. ஒரே காரு. ஜீப்பு அசையல. ஆஸ்பத்திரி கூப்பிடு தூரந்தான். எறக்கித் தூக்கிட்டு ஓடலாம்னு டோலிக் கம்பத் தேடுனா, இனி எதுக்குன்னு ரோட்டோரமே போட்டுட்டு வந்துட்டோம். பாவிப்பய நான், அத எடுத்துப் போட்டுருக்கக் கூடாதா?"

"அன்னைக்கு என்ன, திருவிழாவா?" என்று கேட்டதும் என் வாய்தான்.

"ஏதோ பாட்டுக் கச்சேரிங்க. ரோடு நெடுக பேனரு." முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "கிட்டாரோட உங்க படந்தாங்க."

ஐயோ! அந்தச் சாயங்காலம் மேடையேறியதும் நான் கொக்கரித்தது நினைவுக்கு வந்தது: 'இன்னிக்கு இந்த மலையில ஒரு வண்டி நகராது!' கூட்டம் விசிலடித்தது.

"உங்க மேல கோவமில்லீங்க," என்றார். "நடந்தத நடந்தபடி பாடுங்க. அது போதும்."

பாடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசிச் சரணத்தை மாற்றி எழுதவும் செய்தேன். ஒலிப்பதிவில் வாய் வரவில்லை. துக்கம் தொண்டையை அடைத்தது என்று சொன்னால் பொய். பயம்தான். ஆல்பம் பழைய சரணத்தோடே வெளிவந்தது. சமூக அக்கறை என்று புகழ்ந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறேன். ஒவ்வொரு மேடையிலும் அவளைப் பாதையிலேயே சாகடிக்கிறேன்.