ஒலிபெருக்கியில் உம்மாவின் பேர்

நான் இந்தக் கற்பிட்டி வீதியோரத்து மணலிலேயே பிறந்தவள். ஆனாலும் அகதி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்து இறங்கியவர்கள் உம்மாவும் வாப்பாவும்தான். அந்தச் சொல் மட்டும் எனக்கும் முதுசமாக வந்து சேர்ந்தது.

முகாம் எப்போதோ கல்வீடுகளாகிவிட்டது. பஸ் நடத்துநருக்கு இன்னும் அது 'கேம்ப்'தான். பள்ளிக்கூடத்தில் நான் 'அகதி டீச்சர்'. மற்றவர்கள் வெறும் டீச்சர். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் இடம்பெயர்ந்தோர், காணிச் சண்டை வந்தால் வந்தான் வரத்தான். அகதி என்று யாரும் ஏசுவதற்காகச் சொல்வதில்லை. அதுதான் எனக்குப் பெரிய அலுப்பு. ஏசினால் திருப்பி ஏசலாம். அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் என்னத்தைப் போய்ச் சண்டை பிடிப்பது?

உம்மா மய்யித்துக் குளிப்பாட்டுகிறவர்; இறந்த பெண்களைக் கழுவி, கபன் துணி சுற்றி அடக்கத்துக்குக் கொடுப்பவர். ஊரில் ஒரு பெண் மவுத்தானால் எங்கள் வாசலில் த்ரீவீலர் வந்து நிற்கும்.

"அகதி உம்மாவ வரச் சொன்னாங்க."

உம்மா உடனே போய்விடுவார். கதிரையில் இருக்கச் சொல்லாத வீடுகளுக்கும் போனார். அந்த வீட்டு மனிசிமாரின் தலையை மடியில் தாங்கி, நோகாமல் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். வந்து குளித்து ஒரு பிளேன்டீ குடிப்பார். அந்த வீட்டுக் கதை எதுவும் வாயில் வராது.

படுக்கையில் விழுந்த பிறகு உம்மா இரண்டே விஷயம்தான் கேட்டார்.

"எண்ட மவுத்த அறிவிக்கக்குள்ள அகதி எண்டு சொல்ல வேணாம். எண்ட பேரச் சொல்லுங்க. மற்றது, சனம் வரோணும், புள்ள."

இரண்டாவதன் காரணம் எனக்குத் தெரியும். வாப்பா முகாமில்தான் மவுத்தானார். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கியவர்களுக்குத் தோள் மாற்ற ஆளில்லை. மையவாடி வரைக்கும் அதே தோள்கள்தான். உம்மா வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

உம்மா ஒரு விடியற்காலையில் போனார். எனக்கு மூத்தவரான நானா பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்லும் மோதினாரிடம் விபரம் சொன்னார். சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. உம்மாவின் முழுப் பேர், வாப்பாவின் பேர், 'இவ்வூரைச் சேர்ந்தவர்'. அந்தப் பேரை அவ்வளவு சத்தமாக நான் அதுவரை கேட்டதில்லை. அழுகைக்கு நடுவிலும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு காத்திருந்தோம். எங்கள் கேம்ப் ஒழுங்கைக்குள் இருக்கிற சனம் மட்டும் வந்தது. ஊரிலிருந்து ஒருவரும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகள் வெறுமனே கிடந்தன. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரின் மய்யித்துகளைக் கழுவிய மனிசிக்கு இதுதானா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போது மோதினாரே சைக்கிளில் வந்தார். இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, சந்தியில ஆக்கள் ஆர் மவுத்து எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாங்க. அந்தப் பேர்ல இந்த ஊர்ல ஆருமே இல்லையாம். பக்கத்து ஊர்ப் பள்ளி அறிவிப்பாக்கும் எண்டு கன பேர் தோட்டத்துக்குப் போயிட்டாங்க. நான்... வழமையாச் சொல்ற மாதிரி ஒருக்கா சொல்லட்டா?"

நானா தலையைக் குனிந்துகொண்டு என்னிடம் விட்டுவிட்டார். உள்ளே உம்மா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். அவர் கேட்டதே இரண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க இந்த ஊர் விடவில்லை. வாப்பாவின் சந்தூக்கை நினைத்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. கேம்ப் அகதி உம்மா வபாத்தாகிவிட்டார் என்றது. அவ்வளவுதான். ஒழுங்கையில் கால் வைக்க இடமில்லை. தோட்டத்து மண் காலோடு ஆண்கள் வந்தார்கள். முக்காடு சரியக் கிழவிகள் ஓடி வந்து உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கத்தி அழுதார்கள். பொய் அழுகை இல்லை அது. எனக்குத் தெரியும்.

குளிப்பாட்ட ஊர்ப் பெண்கள்தான் முன்னுக்கு வந்தார்கள். அதில் மூத்தவர், தன் தாயையும் மாமியையும் உம்மாவின் கையால் கழுவக் கொடுத்தவர், துஆவில் சொல்ல வேண்டும் என்று உம்மாவின் பேரைக் கேட்டார். சொன்னேன். அவர் அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவு வடிவான பேர். இவ்வளவு காலமும் கேக்காம இருந்திட்டமே."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அகதி உம்மாட கபன் துணிய எடுத்துத் தாங்க, புள்ளயள்."

துணி என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன்.