கிடை கிடையாகப் பள்ளிக்கூடம் பேசியவர்

ஆட்டு வியாபாரி சாகுல் பாய் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவள் என் பழைய மாணவி முத்துமாரி. காலைச் சமையலை முடித்துவிட்டு உட்காரும்போது கைப்பேசி அடித்தது. "டீச்சர், நம்ம பாய் போயிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு சொல்லியிருக்காவ. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள். மத்தியானத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்பதை அவளுடைய கணவர்தான் கைப்பேசியை வாங்கிச் சொன்னார்.

திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். கயத்தாற்றில் தலையில் துண்டு கட்டிய சிலர் ஏறினார்கள். செம்மறி ஆட்டின் வாசம் பஸ்ஸுக்குள் வந்தது. அவர்களும் பாய் வீட்டுக்குத்தான் போகிறார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

எட்டயபுரம் சந்தையில் அவரோடு துண்டுக்குள் கைவிட்டு ஆட்டுக்கு விலை பேசியவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தச் சாகுல் பாயைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எனக்குத் தெரிந்தவர், கிடை கிடையாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு வந்த மனிதர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாக இருந்தேன். பொங்கல் கழிந்து காட்டில் வெள்ளாமை எடுத்ததும் ஆட்டுக்காரக் குடும்பங்கள் கிளம்பிவிடும். கரிசல் நிலங்களில் எருவுக்காக ஆட்டை இரவில் அடைத்துக் கிடை போட்டுக்கொண்டே, ஊர் ஊராக நகர்வார்கள். பெரியவர்கள் மந்தையை மேய்க்கப் போகும்போது, கிடையில் அடைத்த குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பெரும்பாலும் அது பெண்பிள்ளையாக இருக்கும். பத்தாம் வகுப்பில் முத்துமாரி அப்படித்தான் காணாமல் போனாள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை.

அவளைத் தேடி ஒருநாள் மத்தியானம் கயத்தாறு பக்கம் சாலை பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி நடந்தேன். காய்ந்த பருத்திச் செடி பிடுங்கிய நிலம் வெடித்துக் கிடந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோது ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளைத் தாடி, கைலி, தோளில் பச்சைத் துண்டு.

"யாரத் தேடுதீய டீச்சர்?"

"நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?"

"இந்த வெயில்ல குடையப் பிடிச்சிக்கிட்டு ஆட்டுக்காரன் காட்டுக்குள்ள வேற யாரு வருவா?"

முத்துமாரியின் அப்பா மாடசாமியின் கிடை என்றதும் கையை நீட்டிக் காட்டினார். அதோடு போய்விடவில்லை. வண்டியை உருட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார்.

மாடசாமி கெட்ட தகப்பன் இல்லை. "நீங்க சொல்லுதது சரிதான் டீச்சர். இவ வந்துட்டா குட்டிய யாரு பாப்பா? இவ அம்மா என்கூட மேய்ச்சலுக்கு வரணும்" என்றார். முத்துமாரி, குட்டிகளைக் கவிழ்த்து வைத்த கூடைக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிப்பின் அருமையைப் பற்றி நிறையப் பேசினேன். பாய் குத்தவைத்து, ஒரு குட்டியைத் தூக்கி அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகு கேட்டார்.

"அண்ணாச்சி, ஒம்ம மச்சான் கிடை எங்கன கிடக்கு?"

"எப்போதும்வென்றான் பக்கம்."

"ரெண்டையும் ஒண்ணாப் போட்டா என்ன? அவிய வீட்டு அக்கா குட்டி பாத்துக்கிடும்லா?"

"அவரோட பேச்சுவார்த்த கிடையாது பாய்."

"நான் பேசுதேன். அடுத்த வாரம் வாரேன்."

அடுத்த வாரம் அவர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "ரெண்டு பேரையும் ஒரு டீக்கடையில உக்கார வச்சேன் டீச்சர். டீ ஆறி ஆடையே படிஞ்சுபோச்சு. கடைசில பேசிட்டாவ" என்று சிரித்தார். கிடைகள் சேர்ந்துவிட்டன. ஆனால் முத்துமாரி தங்குவதற்கு இடம் இல்லை. ஊரில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நான் திருநெல்வேலியிலிருந்து வந்துபோகிறவள். விடுதியில் பாதி வருடத்தில் சேர்க்கமாட்டார்கள். பாய் யோசித்துவிட்டு, "கோவில்பட்டியில எங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார். மாடசாமியின் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சமைந்த பிள்ளையை வேறு ஆட்கள் வீட்டில் விடுவதா என்று கேட்டார்கள். "பாய் வீடுன்னா எனக்குச் சம்மதம்" என்று மாடசாமி சொல்லிவிட்டார்.

முத்துமாரி எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒருநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு கணக்கின் மேல் குனிந்திருந்தார்கள். மூத்தவள் பாயின் மகள் ஷமீமா. அவள் சொல்லிக்கொடுத்த முறை தெளிவாக இருந்தது.

"நீ எந்த வகுப்பும்மா?"

அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். தேநீரோடு வந்த அவள் உம்மா ஆயிஷாதான் சொன்னார்.

"பத்தாவதுல நல்ல மார்க்கு டீச்சர். ரெண்டு வருஷமா வீட்டோட இருக்கா. இவ வாப்பாவோட அண்ணன் மேல படிக்க வைக்க வேண்டாம்னுட்டாவ. இவியளும் வாயத் தொறக்கல. ஊராம் பிள்ளைக்கெல்லாம் போயிப் பேசுதாவ. பெத்த பிள்ள இங்கன கிடக்கா."

பாய் முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. குழாயை மூடினார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவில்லை. ஒரு நல்ல மனிதருடைய பழக்கத்தை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முத்துமாரி தேர்வு எழுதித் தேறினாள். பள்ளிகள் திறக்கிற சமயம் பாய் மறுபடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவருக்குப் பின்னால் ஷமீமா நின்றாள்.

"பதினொண்ணாவது சேக்கணும். கோவில்பட்டி பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர்ட்ட என்ன சொல்லணும்னு தெரியல. நீங்க கூட வரணும்."

வீட்டில் நடந்ததை ஆயிஷா பிறகு சொன்னார். வீட்டுக்கு மூத்தவரான பாயின் அண்ணன் வந்து, "ரெண்டு வருஷம் கழிச்சு இவளப் பள்ளிக்கூடம் அனுப்புனா ஊரு சிரிக்காதா? மாப்பிள்ள எவன் வருவான்?" என்று சத்தம் போட்டாராம். அண்ணனுக்கு முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாத சாகுல் பாய் அன்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

"சிரிக்கட்டும் அண்ணே. அந்த ஆட்டுக்காரன் பெத்த பிள்ளைய என்ன நம்பி விட்டுட்டுப் போனான். நான் எம்பிள்ளைய நம்பாம வீட்டுக்குள்ள வச்சிருக்கேன். அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை ஷமீமாவிடம் எந்தப் பாடப்பிரிவு வேண்டும் என்று கேட்டார். அவள் அப்பாவைப் பார்க்காமல் உயிரியல் என்றாள். வெளியே வந்ததும் பாய் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அதுல ஆட்டப் பத்தி வருமா டீச்சர்?" "வரும்" என்றேன். "அப்ப நானும் கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

இதற்கு அவர் கொடுத்த விலை சின்னதல்ல. மூத்தவர் வீட்டுக் கதவு அடைபட்டுவிட்டது. அந்த வருடப் பெருநாளுக்குப் பிரியாணிச் சட்டியோடு போய், கதவு திறக்காமல் சட்டியோடு திரும்பி வந்தார். "அடுத்த பெருநாளைக்கும் போவேன்" என்று என்னிடம் சொன்னார். போனார். அப்போதும் திறக்கவில்லை. ஷமீமா மருந்தாளுநர் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு ஒரு பெருநாளில், மூத்தவர் அவராகவே வாசலுக்கு வந்து சட்டியை வாங்கிக்கொண்டாராம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் எழுதினால் பாய்க்கே பிடிக்காது. அதற்குப் பிறகும் கிடை கிடையாகப் போய்ப் பேசினார்; இரண்டு கிடைகளில் பேசிப் பார்த்தும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பையன்கள் உண்டு. முத்துமாரி நர்ஸ் ஆக ஆசைப்பட்டாள். பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அதை நான் அவரிடம் ஒருமுறை ஆற்றாமையோடு சொன்னேன். "வருத்தந்தான் டீச்சர். ஆனா அவ இப்ப கிடைக்குப் போகமாட்டேன்னு சொல்லிட்டு ஊருல இருக்கா பாத்தீயளா. அவ பிள்ளைக ஒரு நாளும் பள்ளிக்கூடத்த விடல. அத யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் இடமில்லை. பெண்கள் இருந்த அறையில் ஆயிஷாவின் ஒரு பக்கம் ஷமீமாவும் மறுபக்கம் முத்துமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். யார் பெற்ற பிள்ளை என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. வெளியே உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவர் அந்த மூத்தவர். மாடசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

மறுத்த வீட்டுக்கு மனத்தாங்கல் இல்லாமல் திரும்பப் போகிற அந்தப் பழக்கத்தைத்தான் சாகுல் பாயிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்ள நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாமல் நிறுத்தியிருந்தார்கள். ஒருமுறை போய்ப் பேசினேன். அவள் அப்பா முகம் கொடுக்காததால் அதோடு விட்டுவிட்டேன். அடக்கம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அங்கே போனேன். அந்த மனிதர் கதவைத் திறந்துவிட்டு, "என்ன டீச்சர், மறுபடியுமா?" என்றார்.

"ஆமா. இன்னைக்கும் முடியாதுன்னா அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.