சோதனைக் குழாயில் ஆரஞ்சு நிறம்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் வேலை. பதனிட்ட தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால் உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கண்ணு போய்டுமா டாக்டர்?"

காரணம் இருந்தது. ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த அவருடைய அண்ணனுக்கு இதே வியாதியில் பார்வை போய்விட்டது. அந்த அண்ணன் சுவரைத் தடவித் தடவிக் கழிப்பறைக்குப் போவதை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இப்போது போல விரலில் குத்தி வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் வசதி எல்லாம் கிடையாது. மருந்துக்கடையில் பெனடிக்ட் கரைசல் என்று நீல நிறத்தில் ஒரு பாட்டில் விற்பார்கள். அதில் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், ஆரஞ்சு என்றால் ஜாஸ்தி, செங்கல் நிறம் என்றால் ஆபத்து. தினமும் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் நான்தான் அதைச் செய்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையும் கேழ்வரகுமாக நாலு மாதத்தில் குழாய் நீலத்துக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் குவைத்தில் இருந்த என் தம்பி லீவில் வந்தான். இரண்டு டப்பா கொண்டுவந்தான். ஒன்றில் வைட்டமின் சி, பெரிய பெரிய புளிப்பு மாத்திரைகள். இன்னொன்றில் வைட்டமின் ஈ, எண்ணெய் நிரம்பிய குளிகைகள். "அக்கா, இரும்பு துருப்பிடிக்குதில்ல, சர்க்கரைக்காரங்களுக்கு ரத்தக்குழாய் உள்ள அப்படித்தான் கெட்டுப்போவுதாம். இது துருவத் தடுக்குமாம். கண்ணுக்கு ரொம்ப நல்லதுன்னு பத்திரிகைல போட்டிருந்தான்" என்றான்.

கண் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவர் தயங்கினார். "டாக்டர கேட்டுக்கலாம்" என்றார். "சத்து மாத்திரைக்கு எதுக்குங்க டாக்டரு?" என்று சொன்னவள் நான். காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்று நானே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஒரு வாரத்தில் குழாய் பச்சையானது. அடுத்த வாரம் மஞ்சள். பிறகு ஒரு நாள் ஆரஞ்சு.

குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். அதே நிறம். புது பாட்டில் வாங்கினேன். அதே நிறம். சோற்றைக் குறைத்தோம், வாழைப்பழத்தை நிறுத்தினோம். காலையில் விளக்கைப் பற்ற வைக்கும்போதே அவர் வந்துவிடுவார். என் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். நிறம் தெரிந்ததும் சட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் வந்ததும் தினத்தந்தியின் பொடி எழுத்தைத் தூரமாகவும் கிட்டவும் பிடித்துப் பார்ப்பார். மங்கலாக இருக்கிறதா என்று அவராகவே சோதித்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. இன்னும் பயந்துபோய் சத்து மாத்திரையைத் தவறாமல் கொடுத்தேன்.

அதோடு எனக்குச் சந்தேகமும் வந்தது. இவர் வெளியே தின்கிறார். அவரோடு வேலை பார்த்த ஒரு பாய் வீட்டில் அடிக்கடி விசேஷம் இருக்கும். மக்கன் பேடா என்று பாகில் ஊறிய இனிப்பு வரும். ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டேன்.

"உண்மைய சொல்லுங்க. பாய் வீட்டுல இன்னா சாப்புட்டீங்க?"

"டீ கூட சர்க்கரை போடாமத்தான் குடிச்சேன்."

"அப்போ இது எங்கேருந்து வருது? குழாய் பொய் சொல்லுமா?"

"குழாய் பொய் சொல்லாது. நான்தான் சொல்லுவேன், இல்ல?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் சர்க்கரை மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக அவராகவே விழுங்க ஆரம்பித்தது எனக்குத் தெரியாது.

வேலூர் ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போக வேண்டிய நாள் வந்தது. விடிந்ததும் பஸ் ஏறினோம். மாதனூர் நெருங்கும்போது அவர் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஜன்னல் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், வெடவெடவென்று நடுங்கியது.

"இன்னாங்க பண்ணுது?"

நாக்கு குழறியது. "ஒண்ணுல்ல... இறங்கலாம்... டூட்டிக்கு நேரமாச்சி" என்றார். எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வேர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் நேற்றும் குழாய் ஆரஞ்சு. இவருக்கு எப்படிச் சர்க்கரை குறையும்? இனிப்பைக் கொடுத்து நானே இவரைக் கொன்றுவிட்டால்? என் வாயிலிருந்து ஜெபம் கூட வரவில்லை. அவர் தலை என் தோளில் சாய்ந்தது. அப்போதுதான் கத்தினேன்.

கண்டக்டர் விசில் கொடுத்து மாதனூர் டீக்கடை எதிரே பஸ்ஸை நிறுத்தினார். "இன்னாம்மா, சுகர் பேஷண்ட்டா? எங்கப்பாவுக்கும் இதே பேஜார்தான்" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய், சர்க்கரை அள்ளிப் போட்ட டீயை ஆற்றி எடுத்துவந்தார். கண்ணாடித் தம்ளர் உதட்டில் பட்டதும் என் கணவர் முகத்தைத் திருப்பினார். "வேணாம்... டெஸ்ட் கெட்டுப்போய்டும்..."

"கெட்டுப்போவட்டும். குடிங்க" என்று தாடையைப் பிடித்துப் புகட்டினேன். பாதி என் புடவையில் கொட்டியது. பத்து நிமிடம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "பஸ் ஏன் நிக்குது?" என்று கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் சொன்னோம். சர்க்கரை மாத்திரையை இரண்டாக்கியதை அவர் அங்கேதான் ஒப்புக்கொண்டார். ரத்தமும் மூத்திரமும் எடுத்தார்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"டீ குடிச்சப்புறமும் ரத்தத்துல கம்மியாத்தான் இருக்கு. ஆனா மூத்திரம் ஆரஞ்சு காட்டுது. இது ஒத்துவரலையே. வேற ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?"

"இல்ல" என்றார் அவர். நானும் இல்லையென்றுதான் தலையாட்டினேன். சத்து மாத்திரை எங்களுக்கு மாத்திரைக் கணக்கில் வரவே இல்லை. பிறகு ஏதோ உறுத்த, தம்பி தந்த டப்பாக்களைப் பற்றிச் சொன்னேன். எத்தனை என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, அந்தக் கரைசல் சர்க்கரைக்கு மட்டும் நிறம் மாறாது. வைட்டமின் சி இவ்ளோ சாப்பிட்டா, மிச்சம் மூத்திரத்துல இறங்கும். அதுக்கும் மாறும். இல்லாத சர்க்கரைக்கு இவரு பட்டினியும் கிடந்து மாத்திரையும் ஏத்திக்கிட்டாரு."

அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ கண்ணுக்கு அது நல்லதா, கெட்டதா டாக்டர்?"

"எனக்குத் தெரியலீங்க. இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. சர்க்கரைய சரியா வெச்சிருந்தா கண்ணுக்கு நல்லது. அது தெரியும். கீரை, கொய்யா, நெல்லிக்காய் அளவா சாப்பிடுங்க. இந்த டப்பா வேணாம்."

கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்ளேயும் பார்த்தார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வந்து காட்டுங்கள் என்றார்கள். சத்து மாத்திரையை நிறுத்திய ஒரு வாரத்தில் குழாய் நீலமானது. ஆனாலும் அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை ரத்தம் பார்க்காமல் நாங்கள் எதையும் நம்பவில்லை.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் சொட்டு மருந்தின் கூச்சத்தில் கைக்குட்டையால் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்கள நம்பாம போய்ட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நானே என்னை நம்பலியே" என்றார். "தூக்கத்துல எழுந்து ஏதாவது தின்னுட்டேனோன்னு கூட யோசிச்சேன்."

பள்ளிகொண்டா தாண்டும் வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மனிதரைத் தன் மேலேயே சந்தேகப்படும்படி செய்துவிட்டேன் என்ற நினைப்பு, அவர் கண் கெட்டுவிடுமோ என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.