பதினோரு மணி மேடு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் மூன்று மதிப்பெண் குறைந்து, அதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரு வேதியியல்காரனைப் பற்றி நான் எழுதினால், ராயப்பன்பட்டியில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சிரிப்பார்களா அழுவார்களா என்று தெரியவில்லை. ஆனால் அந்த வேதியியல்காரன் என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன். பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதாததால்தான் தேறினான். அந்த வகையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

நான் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கிறேன். சொந்தக் கொடி அரை ஏக்கர், மற்றதெல்லாம் கூலிக்கு. அவன் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில், தண்ணீர்மேல் லேசர் அடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு பொங்கல் லீவுக்கு வந்தவன் நேராக என் தோட்டத்துக்கு வந்தான். நான் டிரம்மில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். இலையில் மருந்து பிடிக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல் ஊற்றுவோம். ஒரு இலையைக் கிள்ளி டிரம்மில் முக்கி எடுப்பேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் சோப்பு பத்தாது, பரவி நின்றால் போதும். அன்று பரவித்தான் நின்றது. இருந்தாலும் கை தாராளமாக இன்னும் கொஞ்சம் சாய்த்தது. அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"போதும்டா மாப்ள. இன்னும் ஊத்துனா பழத்து மேல இருக்க வெள்ளைப் பூச்சு போயிரும். யாவாரி கையில எடுத்துப் பாத்துட்டு கீழ வச்சிருவாக."

"லேசரு இல்லாமயே கண்டுபிடிச்சிட்டியே!"

"கேளுடா. சோப்பு ஊத்துனா மொதல்ல தண்ணிக்கு மேலதான் வந்து நிக்கும். சோப்புத் துணுக்கோட தலை தண்ணிக்குள்ள, வாலு வெளிய. மேல எடம் நெறஞ்சுருச்சுன்னா அப்பறம் நீ ஊத்துறது பூராம் வீணு. அந்த மேல்தோலத்தான் நான் பாக்குறேன்."

"தண்ணிக்குத் தோலா? உரிச்சுக் குடு, ஆத்தாகிட்டச் சொல்லிக் கொழம்பு வைப்போம்."

சிரித்தான். அந்தப் போகத்தில் என் பழம் பூச்சு அழியாமல் இறங்கியது. அதற்கே நான் அவனுக்குக் கடமைப்பட்டவன். ஆனால் அன்று அவன் சிரிப்பு பாதியில் நின்றது. குழாய் மேல் உட்கார்ந்து சொன்னான்.

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன்டா. தேனியில ஒரு டியூசன் சென்டர்ல கேட்டு வச்சிருக்கேன்."

விஷயம் இதுதான். சுத்தமான தண்ணீரை ஒரு தட்டில் வைத்து லேசர் அடித்தால் கம்ப்யூட்டரில் ஒரு கோடு வரும். எண்ணெய்ப் பசை இருந்தால் கோட்டில் ஒரு மேடு எழும்பும். காலையில் கோடு சுத்தமாக இருக்கும். பதினோரு மணி தாண்டினால் மேடு வந்துவிடும். தட்டை மாற்றிப் பார்த்தான், தண்ணீரை மாற்றிப் பார்த்தான், கையுறையை மாற்றிப் பார்த்தான். மேடு மட்டும் மாறவில்லை. தண்ணீரையே சுத்தமாக வைக்க முடியாதவன் அதன்மேல் எதைப் போட்டு அளந்து என்ன பயன்? மாதக் கடைசிக்குள் நாள் முழுக்க மேடு இல்லாமல் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும் என்று அவனுடைய பேராசிரியை சொல்லிவிட்டார். நாலு வருஷ உழைப்பு.

நான் ஏதோ கிண்டல் செய்து அனுப்பிவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு டிரம்மைக் கலக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம். அடுத்த வாரமே திராட்சை லாரியில் ஏறி, ஒரு பெட்டிப் பழத்தோடு அவன் ஆய்வுக்கூடத்து வாசலில் போய் இறங்கினேன்.

"ஏலே, தலையில என்னடா இது?"

"தேங்கா எண்ணெ. பட்டணத்துக்கு வர்றமேன்னு கொஞ்சம் கூடுதலாத் தேச்சேன்."

"நீயே ஒரு மேடுடா! அங்கன, கதவோரமாவே நில்லு. தட்டுப் பக்கம் வந்த, கொன்னுருவேன்."

தலைக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பியும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் மாட்டி நிறுத்தினான். லேசர் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. இரண்டு ஒளி தண்ணீர்மேல் ஒரே இடத்தில் விழுந்து, மூன்றாவதாக ஒரு புது ஒளி கிளம்புமாம். தண்ணீருக்குள் இருக்கிற மூலக்கூறுகள் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்குமாம், அதிலிருந்து ஒன்றும் வராது. மேலே இருப்பவை படிக்கட்டில் தொங்குகிற ஆட்கள் மாதிரி ஒரே பக்கம் பார்க்குமாம், அந்த ஒளி அவற்றிடமிருந்துதான். எனக்காகத்தான் பஸ் ஸ்டாண்டை இழுத்தான்.

பதினோரு மணி தாண்டியது. மேடு எழும்பியது. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது என் மூக்கில் ஒரு வாடை. தோட்டத்துக் கம்ப்ரசர் ஓடிச் சூடானால் வருமே, அதே எண்ணெய் வாடை.

"மாப்ள, இங்கன காத்து எந்தப் பக்கம்?"

"ரூமுக்குள்ள ஏதுடா காத்து? எல்லாம் மூடிக் கெடக்கு."

மருந்து அடிக்கிறவன் எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்ப்பான். ஒரு சிட்டிகை மண்ணைத் தூவினால் தெரிந்துவிடும். தப்பாகப் பார்த்தால் மருந்து அடுத்தவன் வெள்ளாமையில் போய் விழும். அங்கே மண்ணுக்கு எங்கே போக? கதவுப் பக்கத்து மேஜையில் இருந்த மெல்லிய காகிதத்தில் ஒரு நறுக்குக் கிழித்தேன்.

"அய்யோ, கிழிக்காதடா! தூசி!"

கதவோரமாகவே காகிதத்தைப் பிடித்து நின்றேன். அசையவில்லை. குனிந்து, கதவின் அடி இடுக்கில் பிடித்தேன். காகிதம் அறைக்குள் பார்த்துப் படபடத்தது.

"அந்தப் பக்கம் என்ன ஓடுது?"

அவனும் குனிந்து இடுக்கில் கை வைத்துப் பார்த்தான். "பம்பு," என்றான். "பக்கத்து ரூமுல வேற குரூப்போட பம்பு, காத்த உறிஞ்சி எடுக்குறது. பதினோரு மணிக்குத்தான்டா போடுவாக."

பம்பு கக்கிய எண்ணெய்ப் புகைதான் இடுக்கு வழியாக வந்து தண்ணீர்மேல் படிந்திருக்கிறது. நாலு வருஷமாக அங்கேயே கிடந்ததில் அவனுக்கு வாடை பழகிப்போயிருந்தது. அன்றே இடுக்கை அடைத்தான். பக்கத்து அறைக்காரர்களிடம் கெஞ்சி, பம்பின் புகைக்குழாயை ஜன்னலுக்கு வெளியே விட வைத்தான்.

மூன்றாம் நாள் நான் கொடிக்குள் குனிந்து நிற்கும்போது போனில் ஒரு படம் வந்தது. வெறும் கோடு. உடனே கூப்பிட்டேன்.

"என்னடா, ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்லாததுதான்டா வேணும்! காலையில இருந்து சாயங்காலம் வர மேடே இல்ல. மேடம் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தாக. மேல செய்யச் சொல்லிட்டாக."

குரல் உடைந்திருந்தது. எனக்கு மருந்து நெடியில் கண் எரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவன் பட்டம் வாங்கி, வேறொரு ஊரில் சொந்தமாக ஒரு லேசர் அறை வைத்திருக்கிறான். ஆராய்ச்சிப் புத்தகத்தின் முன்பக்கத்தில் எனக்கு நன்றி போட்டிருக்கிறான். காற்று பார்ப்பது எங்கள் பக்கம் மருந்து அடிக்கிற எவனும் செய்கிற வேலை. அதற்கு நன்றி வேண்டியதில்லை. நான்தான் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். டிரம்மில் இருந்து லேசர் வரைக்கும் நான் கேட்ட கோணங்கிக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவன் "உனக்குப் புரியாது" என்று சொன்னதில்லை. இதை நேரில் சொன்னால் காய்ச்சலா என்று கேட்பான். அதனால்தான் எழுதினேன்.

எழுதியதையெல்லாம் போட்டோ பிடித்து அவனுக்கு அனுப்பி, "புது லேசர் ரூமுக்கு எப்ப வரட்டும்? காத்துப் பாக்க ஆள் வேணாமா?" என்று கேட்டேன்.

"எப்ப வேணா வா மாப்ள, தலைக்கு மட்டும் எண்ணெ தேய்க்காம வா."