அம்மனுக்கு வலது, படகுக்கு இடது

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்த கதை இது. நடந்த இடம் திருவொற்றியூரில் கடலை ஒட்டியிருக்கும் எங்கள் குப்பம். நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிற டிரெய்லர் டிரைவர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற பேர்வழி என்பதால், வீட்டில் சின்ன வயதிலேயே என்னை லாரிக்கு நேர்ந்துவிட்டார்கள்.

துறைமுக வாசலில் வண்டியோடு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது போன்தான் துணை. அதில் ஸ்கேட்டிங் பந்தய வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பர்மா பஜாரில் பழைய ஸ்கேட்டிங் ஷூ ஐந்து ஜோடி வாங்கி வந்துவிட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். குப்பத்துப் பிள்ளைகள் பதினோரு பேர் அன்று மாலையே வீட்டு வாசலில் நின்றார்கள். ஷூ பெரிதாக இருந்தால் துணியைத் திணித்துக்கொண்டு, முறை வைத்து மாட்டிக்கொண்டார்கள். எங்கள் கிளப் பிறந்த விதம் இவ்வளவுதான்.

ஓட்டுவது எங்கே? மெயின் ரோட்டில் என்னைப் போன்றவர்கள் டிரெய்லர் ஓட்டுகிறார்கள். அந்த லட்சணம் தெரிந்த எனக்கே பிள்ளைகளை அங்கே விடத் துணிச்சல் இல்லை. மிச்சம் இருந்தது வலை காயப்போடுகிற நீளமான சிமெண்ட் தரை ஒன்றுதான். அதன் வடக்குப் பாதியில் எங்கள் அம்மனின் சின்னக் கோயில் இருக்கிறது. பஞ்சாயத்தில் போய்க் கேட்டேன். உடனே ஒரு பெரிய விவாதம். அம்மன் இருக்கிற தரையில் செருப்புப் போட்டு யாரும் நடப்பதில்லை. ஸ்கேட்டிங் ஷூ செருப்பா, இல்லையா?

அரைமணி நேரச் சண்டைக்குப் பிறகு பஞ்சாயத்துத் தலைவர் ஒரு ஷூவைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "நாலு சக்கரம் கீதுப்பா. இது வண்டி. வண்டி அம்மாளைச் சுத்தலாம்."

மறுநாள் ஐந்து ஜோடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டோம். தலைவர் ஒரு கெடுவும் வைத்தார். "ஆடித் திருவிழா வரைக்கும் தரை உங்களுது. அதுக்குள்ள எங்கனா போயி ஒரு மெடலாவது கொண்டாங்க. இல்லாங்காட்டி கருவாடு காயப்போட்டுடுவோம், ஆமா."

காலை ஆறு மணிக்கே பயிற்சி நடக்கும். அம்மனை உள்ளே வைத்துத் தரை முழுக்கச் சுற்றி வருவார்கள். இரண்டே மாதத்தில் பறக்க ஆரம்பித்தார்கள். அதிலும் மீன் விற்கிற அம்மா ஒருவரின் மகள், பதின்மூன்று வயதுப் பெண், வளைவில் சாய்ந்து வருகிற அழகைப் பார்க்க டீக்கடையில் கூட்டமே கூடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்குள் என்னை 'கோச்' என்று வேறு கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

பங்குனியில் முதல் போட்டி. நகரத்தின் மறுகோடியில், வழவழவென்று போட்ட உண்மையான டிராக். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்ற கிளப் பிள்ளைகள் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லோரும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார்கள்! பாவம், யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டு, மேஜையில் இருந்த நடுவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

"சார், பசங்க எல்லாம் ரிவர்ஸ்ல சுத்துறாங்க சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உலகம் முழுக்க இப்படித்தான் சார் சுத்துவாங்க. இடது கைப் பக்கமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் அம்மனை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? கோயிலை வலம்தான் வருவோம். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. பிள்ளைகள் முதல் நாளிலிருந்து வலது பக்கமே திரும்பிப் பழகியிருந்தார்கள். போனில் அத்தனை வீடியோ பார்த்த நான் அவர்கள் காலைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதை மட்டும் பார்க்கவே இல்லை.

சொல்லித் திருத்த நேரம் இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். நேர்கோட்டில் எங்கள் பெண்தான் முதல். வளைவு வந்தது. அவள் வளையவே இல்லை. அம்பு மாதிரி நேராகப் போய்த் தடுப்பு மெத்தையில் மோதி விழுந்தாள். அடுத்தடுத்த பந்தயங்களில் மற்றவர்களும் அதே மெத்தைக்குத்தான் போனார்கள். கடைசியில் அங்கிருந்தவர்கள் சிரித்தே விட்டார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே யானைப்பாகனுக்கே வழி தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ் காலடிப்பேட்டை தாண்டியதும் பிள்ளைகளிடம், "தப்பு உங்க மேல இல்ல. என் மேலதான்" என்று சொன்னேன். அந்தப் பெண் முட்டிக் காயத்தை ஊதிக்கொண்டே கேட்டாள். "இன்னா மாமா, அவ்ளோ வீடியோ பாத்தியே, இது ஒன்ன பாக்கமாட்டியா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவமானத்தில் கண் கலங்கியது உண்மை.

அடுத்த போட்டி ஆனி மாதக் கடைசியில். அதை விட்டால் ஆடி வந்துவிடும், தரை கருவாட்டுக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் பஞ்சாயத்தில் போய், கொஞ்ச நாளைக்கு இடமாகச் சுற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நாலாபக்கமும் கத்தினார்கள்.

"அம்மாளை எடமா சுத்துவியா? ஆம்பளைங்க கடலுக்குப் போயிகினு கீறாங்க, இன்னா பேச்சு பேசுற?" என்றார் தலைவர்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. என் தம்பியே அப்போது கடலில்தான் இருந்தான். வாயை மூடிக்கொண்டு எழுந்தேன். கிளப் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால் இருந்து அந்தப் பெண்ணின் அம்மா எழுந்து வந்தார். மகள் விழுந்து வந்த அன்றே ஷூவைப் பரண்மேல் போட்டவர் அவர். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று தயாரானேன்.

"இந்தப் பொண்ணோட ஒரே பேஜாரு. ஷூவை எடுத்து வச்சாலும் வெறுங்காலோட வூட்ல தண்ணி டிரம்மை எடமா சுத்திகினே கீது. டிரம்மு ஒண்ணும் கோச்சிக்கல" என்றார். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "அம்மாளை வலமாவே சுத்தட்டும். கரையில ஒடஞ்சு கெடக்குதே ஒரு போட்டு, அத்த இழுத்தாந்து தரையோட அந்தாண்ட கோடியில போடுங்க. அத்த எடமா சுத்தட்டும். போட்டு வந்து உங்கிட்ட பிராது குடுக்குமா?"

முதலில் சிரித்தது தலைவர்தான். அன்று மாலையே இருபது பேர் சேர்ந்து, உடைந்த ஃபைபர் படகைத் தரையின் தெற்குக் கோடிக்கு இழுத்துவந்து போட்டார்கள். பரண்மேல் இருந்த ஷூவும் இறங்கியது.

அன்றிலிருந்து பிள்ளைகள் ஓடியது எட்டுப் போட்ட மாதிரி. அம்மனுக்கு வலது, படகுக்கு இடது. நடுவில் இரண்டு வழியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. முதல் வாரம் முழுக்க ஒருவர் மேல் ஒருவர் மோதி, வீட்டுக்கு வீடு மஞ்சள் பற்று. நான் பாட்டுக்கு யோசனை சொல்லாமல், "நீங்களே சொல்லுங்க, எப்படிப் போகலாம்?" என்று கேட்டேன். அவர்களே கத்திக் கத்தி ஒரு முறை கண்டுபிடித்தார்கள். யார் எவ்வளவு வேகத்தில் வருகிறார்கள் என்று ஓரக்கண்ணால் அளந்து, இடுக்கில் புகுந்து போகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனி மாதப் போட்டியில் வளைவு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெத்தையில் மோதுகிற சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், கும்பலாகப் போனவர்களுக்கு நடுவே எங்கள் பெண் நுழைந்து நுழைந்து முன்னால் வந்துகொண்டிருந்தாள். இறுதிப் பந்தயத்தில் மூன்றாம் இடம். நான் அழுததைப் பார்த்து, பங்குனிப் போட்டியில் இருந்த அதே நடுவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வெண்கலப் பதக்கத்தைத் தலைவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, "கருவாட்டை நாங்க மாடியில காயப்போட்டுக்கறோம்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் காக்கையெல்லாம் பறந்துபோயின.

இப்போது கிளப்பில் முப்பது பிள்ளைகள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு அந்தப் பெண் முதலில் சொல்வது ஸ்கேட்டிங் பாடம் இல்லை, எல்லோரையும் மெத்தையில் மோதவிட்ட என் வண்டவாளத்தைத்தான். பக்கத்திலேயே நின்று நானும் சிரிப்பேன். தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் என்னை உண்மையாகவே கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பதை நினைத்தால், அன்று விழுந்த அந்த அடிக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.